ஒற்றையா, இரட்டையா? சுழியத்திற்கு அப்பாலும் தொடரும் ஒரு கணக்கு

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக விளங்கி இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட ஓரிடத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அங்கே ஒரு வீட்டின் முன்கூடத்தில் சிறுமி ஒருத்தி கணிதப் பயிற்சி நூலை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, இவ்வாண்டு இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் அடியெடுத்து வைத்திருக்கும் பிள்ளை அவள். −7, −4, 0, 3, 8 ஆகிய எண்களுள் ‘நொம்போர் கஞ்சில்’ எவை, ‘நொம்போர் கெனாப்’ எவை என்பது வினா. தமிழில் சொல்வதானால் ஒற்றைப்படை எண்கள் எவை, இரட்டைப்படை எண்கள் எவை என்று பிரித்துக் காட்டவேண்டும்.

அவள் 3 என்பதை ஒற்றைப்படை என்றும், 8 என்பதை இரட்டைப்படை என்றும் எழுதிவிட்டாள். மற்ற மூன்றையும் தொடவில்லை. “குறை எண்ணுக்கும் ஒற்றை, இரட்டை உண்டா, அப்பா?” என்று தந்தையைக் கேட்டாள். அவரோ பல்லாண்டுகள் பால்மரம் வெட்டி உழைத்தவர். “நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், அம்மா. பெரிய பள்ளிக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கூறி, சற்றே முகம் வாடி அப்பால் திரும்பிக்கொண்டார்.

இக்காட்சி ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் பாடமொழி மாறுகிறது, கலைச்சொற்கள் மாறுகின்றன, இனி நம்மால் உதவ இயலாது என்று பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால், அத்தந்தையிடம் அவர் மரம் வெட்டிய முறையைப் பற்றி நாம் சிறிது உரையாடியபொழுது, மகளின் வினாவிற்குரிய விடை முழுவதும் அவரிடமே இருப்பதைக் கண்டோம். அதனை நம் வாசகர்களுக்கும் விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரட்டை என்பது யாது?

கையில் சில ரப்பர்க் கொட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாக அடுக்குவோம். எல்லாக் கொட்டைகளுக்கும் துணை கிடைத்துவிட்டால், அவ்வெண்ணிக்கை இரட்டைப்படை. ஒன்று மட்டும் துணையின்றி எஞ்சி நின்றால், அது ஒற்றைப்படை. இதையே வேறு விதமாகவும் கூறலாம். ஒரு முழு எண்ணை, எதுவும் மிஞ்சாமலும் எதையும் உடைக்காமலும், இரு சமபங்குகளாகப் பிரிக்க முடியுமானால் அது இரட்டைப்படை எண். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தமது நூலில் இரட்டைப்படை எண்ணுக்குத் தந்த இலக்கணமும் இதுவேயாகும்.

இவ்விலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. பங்கு சமமாக இருந்தால் போதும். அந்தப் பங்கு இரட்டைப்படையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. 6 என்பதைப் பிரித்தால் 3, 3 என வருகிறது. பங்காக வரும் 3 ஒற்றைப்படைதான். எனினும் 6 இரட்டைப்படையே. பிள்ளைகள் சிலர் இங்கே தடுமாறுவதுண்டு.

பின்ன எண்களுக்கு இப்பாகுபாடு பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2.40 என்பது ஒற்றைப்படையும் அன்று; இரட்டைப்படையும் அன்று; ஏனெனில் அது முழு எண்ணே அன்று. அதே தொகையை 2 வெள்ளி 40 காசு என்று கொண்டு, 240 காசு என எழுதினால் அது முழு எண்ணாகிவிடுகிறது; அப்பொழுது அது இரட்டைப்படை எனலாம்.

வெறுங்கையின் வழக்கு

லயன் வீடுகளின் முன் பிள்ளைகள் கூடி ஆடிய ‘ஒற்றையா, இரட்டையா’ விளையாட்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் கைக்குள் கொட்டைகளை மூடி வைத்துக்கொண்டு கேட்க, மற்றவர் ஊகித்துச் சொல்வார். குறும்புக்காரப் பிள்ளை சில வேளைகளில் வெறுங்கையை மூடி நீட்டுவதுண்டு. எதிரே இருப்பவன் “இரட்டை” என்பான். கை விரிந்ததும் வழக்கு மூளும். “ஒன்றுமே இல்லையே, இதில் இரட்டை ஏது?” என்பான் ஒருவன். “ஒன்றும் மிஞ்சவில்லையே, ஆகவே இரட்டைதான்” என்பான் மற்றவன்.

இவ்வழக்கில் இரண்டாமவன் பக்கமே நியாயம் இருக்கிறது. வெறுங்கையை இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சுழியம். பங்கு சமம், மிச்சமும் இல்லை. ஆகவே, சுழியம் இரட்டைப்படை எண். முன்னும் பின்னும் பார்த்தாலும் இதுவே உறுதியாகும். 4, 3, 2, 1 என இறங்கி வருகையில் இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாறி மாறி வருகிறது. 1 ஒற்றை என்றால், அதற்கு அடுத்து வரும் சுழியம் இரட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

இது வெறும் பள்ளிக்கூட வாதம் அன்று. 2016ஆம் ஆண்டில் இந்தியத் தலைநகரான டில்லியில், காற்று மாசினைக் குறைப்பதற்காக, ஒற்றைப்படைத் திகதிகளில் ஒற்றைப்படை எண்ணில் முடியும் கார்களும், இரட்டைப்படைத் திகதிகளில் இரட்டைப்படை எண்ணில் முடியும் கார்களும் மட்டுமே ஓடலாம் என்று விதி செய்தனர். அப்பொழுது சுழியத்தில் முடியும் கார் எந்த நாளில் ஓடும் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தும் இரட்டைப்படை என்றே அங்கு வகுத்தனர்.

பால்வெட்டு நாளும் எண் கோடும்

இனி, சிறுமியின் வினாவில் கடினமான பகுதிக்கு வருவோம். குறை எண்களை எதிர்மறை எண்கள் என்றும் கூறுவர். சுழியத்திற்குக் கீழே −1, −2, −3 என இறங்கிச் செல்பவை அவை. குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறை −18 பாகையில் இருக்கிறது என்கிறோம். ஈப்போவிலுள்ள ஒரு கட்டடத்தில் தரைத்தளத்தைச் சுழியம் எனக் கொண்டால், அதன் கீழுள்ள வாகன நிறுத்துமிடங்களை −1, −2 என்று எண்ணலாம். இவற்றுள் ஒற்றை எது, இரட்டை எது?

இங்குதான் பால்மரம் நமக்கு ஆசானாக வருகிறது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது முதல், பேரா மாநிலத்திற்கும் அம்மரத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மரத்தின் பட்டையை நாள்தோறும் சீவினால், பால் மீண்டும் ஊறுவதற்கு இடைவெளி போதாது. மரம் தளர்ந்து, பட்டை வறண்டு, பால் நின்றுவிடவும் கூடும். ஆகவே, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை தோட்டங்களிற் பரவலாகக் கையாளப்பட்டது. ஒரு தொழிலாளிக்கு இரு பகுதிகள் ஒதுக்கப்படும். இன்று ஒரு பகுதியை வெட்டினால் அது நாளை ஓய்வு கொள்ளும். நாளை மற்றப் பகுதி வெட்டப்படும்.

இன்றைய நாளைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். இன்று மேட்டுக் காட்டில் வெட்டு. நாளை 1; மேட்டுக் காட்டுக்கு ஓய்வு. நாளை மறுநாள் 2, மீண்டும் வெட்டு. 4, 6, 8 ஆகிய நாள்களும் வெட்டு நாள்களே. இனி, பின்னோக்கிப் பார்ப்போம். நேற்று என்பது −1, அன்று ஓய்வு. முந்தாநாள் என்பது −2, அன்று வெட்டு. −3 ஓய்வு, −4 வெட்டு, −7 ஓய்வு, −8 வெட்டு.

வெட்டு நாள்களை வரிசையாக எழுதினால் …−8, −6, −4, −2, 0, 2, 4, 6, 8… என அமைகிறது. இவை யாவும் இரட்டைப்படை எண்கள். ஓய்வு நாள்களை எழுதினால் …−7, −5, −3, −1, 1, 3, 5, 7… என அமைகிறது. இவை யாவும் ஒற்றைப்படை எண்கள். ‘நேற்று’ என்பதனால் மரத்தின் முறை மாறிவிடுவதில்லை. கடந்த நாளாயினும் வரும் நாளாயினும் ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கு ஒன்றுதான். சுழியத்தைக் கடக்கும்பொழுது அவ்வொழுங்கு அறுந்துபோவதில்லை. இதுவே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்பும் உண்மையாகும்.

இதனை நாம் எடுத்துரைத்தபொழுது அத்தந்தை புன்னகை செய்தார். “இதைத்தானே இத்தனை காலம் வெட்டினேன்!” என்றார்.

கடனிலும் பங்கு உண்டு

குறை எண் என்பது இல்லாத பொருள் அன்றோ, அதை எப்படிப் பங்கிடுவது என்று சிலர் ஐயுறலாம். இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் மிகை எண்ணைச் செல்வம் என்றும், குறை எண்ணைக் கடன் என்றும் குறிக்கும் சொற்களால் வழங்கி, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். கடன் என்று சொன்னால் நம்மவர்க்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கடையில் 8 வெள்ளி கடன் இருக்கிறது. அதனை அண்ணனும் தம்பியும் ஏற்றுக்கொண்டால் ஆளுக்கு 4 வெள்ளி கடன், கணக்கு தீர்ந்தது. ஆகவே −8 இரட்டைப்படை. கடன் 7 வெள்ளியாயின் ஆளுக்கு 3 வெள்ளி போக, ஒரு வெள்ளிக் கடன் யார் தலையிலும் சேராமல் மிஞ்சுகிறது. ஆகவே −7 ஒற்றைப்படை. செல்வத்தைப் பங்கிட முடிவது போலவே கடனையும் பங்கிட முடியும். ஒற்றை, இரட்டை என்பது பங்கைப் பொறுத்தது. அது செல்வமா கடனா என்பதைப் பொறுத்ததன்று.

கடைசி இலக்கம் போதும்

சிறிய எண்களை இணையிணையாக அடுக்கிப் பார்க்கலாம். 4,738 என்ற எண்ணை அவ்வாறு அடுக்கிக்கொண்டிருக்க இயலுமா? அதற்கும் எளிய வழி உண்டு. 4,738 என்பது 473 பத்துகளும் 8 ஒன்றுகளும் சேர்ந்தது. ஒரு பத்து என்பது ஐந்து இணைகள். எனவே எத்தனை பத்துகள் இருந்தாலும் அவை மிச்சமின்றி இணைந்துவிடும். நூறும் ஆயிரமும் பத்துகளால் ஆனவையே. எஞ்சுவது கடைசி இலக்கம் மட்டுமே. அது 0, 2, 4, 6, 8 ஆகியவற்றுள் ஒன்றாயின் எண் இரட்டைப்படை. 1, 3, 5, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றாயின் ஒற்றைப்படை.

முன்னால் குறைக்குறி இருப்பினும் விதி இதுவே. −4,738 இரட்டைப்படை; −4,735 ஒற்றைப்படை. குறியை விரலால் மறைத்துவிட்டுக் கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எல்லா இலக்கங்களையும் கூட்டிப் பார்ப்பது தவறு. அம்முறை ஓர் எண்ணை 3 அல்லது 9 வகுக்குமா என்று அறிவதற்கு உரியது. எடுத்துக்காட்டாக, 13 என்பதன் இலக்கங்களைக் கூட்டினால் 4 வருகிறது. ஆனால் 13 ஒற்றைப்படையே.

நம் இல்லங்களில் திருமண மொய்யாக 51 வெள்ளி, 101 வெள்ளி என எழுதும் வழக்கம் உண்டு. 101 எவ்வளவு பெரிதாயினும் கடைசியில் நிற்கும் அந்த ஒன்றுதான் அதனை ஒற்றைப்படையாக்குகிறது. சீன அன்பர்கள் பெருநாளில் வழங்கும் ‘அங்பாவ்’ தொகை பெரும்பாலும் இரட்டைப்படையாக அமைவதையும் காண்கிறோம். ஒரே நாட்டில், அடுத்தடுத்த வீடுகளில், ஒற்றையும் இரட்டையும் தத்தம் வழியில் மங்கலம் பெறுகின்றன.

லயன்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோர் மற்றொன்றையும் கவனித்திருக்கலாம். லயனில் 12ஆம் எண் வீட்டிற்கு அடுத்தது 13. ஆனால் பல தாமான்களில் தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்களும், மறுபக்கம் இரட்டைப்படை எண்களும் உள்ளன. அங்கே 12க்கு அடுத்த வீடு 14. 13 எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இவ்வொழுங்கை அறிந்தவர் வீடு தேடி அலைய வேண்டியதில்லை.

முப்பத்தொன்றாம் திகதியின் குழப்பம்

எண் வரிசையில் ஒழுங்கு அறுவதில்லை என்றோம். ஆனால் நாள்காட்டியில் அது அறுந்துபோகிறது. ஒற்றைப்படைத் திகதிகளில் மேட்டுக் காட்டையும், இரட்டைப்படைத் திகதிகளில் பள்ளக் காட்டையும் வெட்டுவதென்று ஒருவர் முடிவு செய்ததாகக் கொள்வோம். ஜூலை 29 மேடு, 30 பள்ளம், 31 மேடு. மறுநாள் ஆகஸ்டு 1. அதுவும் ஒற்றைப்படை, ஆகவே மீண்டும் மேடு. மேட்டுக் காட்டு மரங்கள் அடுத்தடுத்த இரு நாள்களில் உளிக்கு உள்ளாகின்றன. பள்ளக் காடோ 30ஆம் திகதிக்குப் பின் 2ஆம் திகதி வரை காத்திருக்கிறது.

சனவரி, மார்ச், மே, ஜூலை, ஆகஸ்டு, அக்டோபர், டிசம்பர் ஆகிய ஏழு மாதங்களும் 31 நாள்களைக் கொண்டவை. ஆகவே ஆண்டிற்கு ஏழு முறை இக்குழப்பம் நேரும். நெட்டாண்டில் பிப்ரவரி 29க்குப் பின் மார்ச் 1 வருவதால் எட்டு முறை. எண்களிடத்துப் பிழையில்லை, மாதம் பிறந்ததும் எண்ணிக்கையை நாம் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவதே காரணம். திகதியைப் பாராமல், ஒரு நாளைச் சுழியம் எனக் கொண்டு தொடர்ந்து எண்ணிவந்தால் முறை பிசகாது. சிறுதோட்டம் வைத்திருப்போர், ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளும் மருந்தைக் கணக்கிடுவோர் ஆகியோருக்கும் இது பயன்படும். ‘ஒற்றைப்படைத் திகதிகளில் மருந்து’ என்று வைத்துக்கொண்டவர், 31ஆம் திகதியும் மறுநாள் 1ஆம் திகதியும் தொடர்ந்து உட்கொண்டுவிட நேரும். நாள்காட்டியில் ஒருநாள் விட்டு ஒருநாள் முன்கூட்டியே குறியிட்டு வைப்பது பாதுகாப்பானது.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி

இரு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை வரும். ஒவ்வொன்றிலும் துணையின்றி நிற்கும் ஒன்று, மற்றதிலுள்ள ஒன்றோடு சேர்ந்து இணையாகிவிடுகிறது அல்லவா? இரட்டையும் இரட்டையும் சேர்ந்தால் இரட்டை. ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை. ஆகவே, ஒரு பட்டியலில் ஒற்றைப்படை எண்கள் எத்தனை உள்ளன என்று எண்ணினாலே போதும். அவை இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் கூட்டுத்தொகை இரட்டை; ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் கூட்டுத்தொகை ஒற்றை.

குறை எண்கள் கலந்திருந்தாலும் இவ்விதி மாறாது. +7க்கும் −7க்கும் இடையிலுள்ள தொலைவு 14, அது இரட்டைப்படை. ஆகவே ஓர் எண்ணின் குறியை மாற்றினால் கூட்டுத்தொகை இரட்டைப்படை அளவே நகரும்; ஒற்றை இரட்டையாகாது, இரட்டை ஒற்றையாகாது.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் கடைக் கணக்கில் வாங்கிய கடனைக் குறை எண்ணாகவும் செலுத்திய பணத்தை மிகை எண்ணாகவும் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம்: −18, +25, −7, −13, +20. இவற்றுள் ஒற்றைப்படை எண்கள் 25, 7, 13 ஆகிய மூன்று. மூன்று என்பது ஒற்றை. ஆகவே நிலுவையும் ஒற்றைப்படையாகவே வரவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் +7 வருகிறது. நிலுவை 6 என்றோ 8 என்றோ எவரேனும் எழுதியிருந்தால், கூட்டிப் பாராமலே “இதில் பிழை இருக்கிறது” என்று கூறிவிடலாம். ஆனால், 5 என்று தவறாக எழுதியிருந்தால் இச்சோதனை அதனைக் காட்டிக்கொடுக்காது. ஏனெனில் 5உம் ஒற்றைப்படையே. ஆகவே, இச்சோதனையில் தேறாத கணக்கு நிச்சயமாகப் பிழையானது. தேறிய கணக்கை மட்டும் முழுமையாகக் கூட்டிப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முற்காலத்தில் எழுத்தறிவில்லாத காரணத்தால், பிறர் எழுதிய கணக்கை அப்படியே ஏற்றுக் கைநாட்டு வைத்தவர்கள் நம் முன்னோருள் பலர். இத்தகைய எளிய சோதனை ஒன்றேனும் கைவசம் இருந்திருந்தால், “ஐயா, மறுபடியும் கூட்டிப் பாருங்கள்” என்று கேட்கும் துணிவு அவர்களுக்குப் பிறந்திருக்கும். கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்பொழுது இடையில் பிழை நேர்ந்ததா என்று அறியவும் இதே ஒற்றை, இரட்டைச் சோதனை பயன்படுகிறது என்பது அறிந்து மகிழத்தக்கது.

அடையாளக் கார்டில் ஒற்றையும் இரட்டையும்

வாசகர்கள் தங்கள் அடையாளக் கார்டை எடுத்துப் பார்க்கட்டும். நம் நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த அடையாள எண் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும். பேரா மாநிலத்திற்குரிய குறியீடு 08. இறுதி நான்கு இலக்கங்களில் கடைசியாக நிற்பது ஒற்றைப்படையானால் அவ்வெண்ணுக்குரியவர் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

ஓர் எண் 7இல் முடிந்தால் ஆண். 8இல் முடிந்தால் பெண். சுழியத்தில் முடிந்தால்? அதுவும் பெண்ணுக்கு உரியதே. லயன் வாசலில் பிள்ளைகள் மூட்டிய வெறுங்கை வழக்கிற்குத் தேசியப் பதிவிலாகாவும் அதே தீர்ப்பை வழங்கியிருக்கிறது எனலாம்.

இதனை அறிந்து வைப்பதில் நன்மை உண்டு. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பெற்றதும் பெயர், பிறந்த திகதி, பால், பெற்றோர் விவரம் ஆகியவற்றோடு அடையாள எண்ணையும் சேர்த்துச் சரிபார்த்தல் வேண்டும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளோடு பொருந்துகின்றனவா? ஆண் பிள்ளைக்குக் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா, பெண் பிள்ளைக்கு இரட்டைப்படையா? பொருந்தாவிடில் தாமதமின்றிப் பதிவிலாகாவை நாடித் தெளிவு பெறவேண்டும். பள்ளியிற் சேர்க்கும்பொழுதும், வேலைக்கு விண்ணப்பம் செய்யும்பொழுதும் அலைவதைவிட, தொடக்கத்திலேயே ஒரு நிமிடம் செலவிட்டுப் பார்ப்பது மேலன்றோ?

கணினி பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இக்காலப் பிள்ளைகள் பலர் கணினி நிரல் எழுதக் கற்கின்றனர். எண்ணை இரண்டால் வகுத்து, மீதி 1 வந்தால் ஒற்றை என்று எழுதிவிடுவது அவர்களின் வழக்கம். மிகை எண்களுக்கு இது சரியாகவே அமையும். ஆனால் −7 என்பதை இரண்டால் வகுக்கும்பொழுது, ‘சி’, ‘ஜாவா’ முதலிய கணினி மொழிகள் மீதி −1 என்று காட்டும்; ‘பைத்தன்’ என்னும் மொழியோ மீதி 1 என்று காட்டும். இரண்டும் ஒரு வகையில் சரியே. −3இன் இருமடங்கு −6. அதிலிருந்து −7ஐ அடைய ஒன்று குறையவேண்டும். −4இன் இருமடங்கு −8. அதிலிருந்து −7ஐ அடைய ஒன்று கூடவேண்டும். எப்படியாயினும் மீதி சுழியம் அன்று. ஆகவே, ‘மீதி ஒன்றா?’ என்று கேளாமல், ‘மீதி சுழியமா?’ என்று கேட்பதே எந்நாளும் தவறாத வழி. சுழியமாயின் இரட்டை, இன்றேல் ஒற்றை.

முடிவுரை

சுங்கை சிப்புட் வீட்டிற்குத் திரும்புவோம். தந்தை தம் நாற்காலியை மகளின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பயிற்சி நூலின் ஓரத்தில் ஒரு கோடு வரைந்து, நடுவில் சுழியத்தை எழுதும்படி சொன்னார். “இன்றைக்கு வெட்டு. நேற்று ஓய்வு. முந்தாநாள் வெட்டு. இப்படியே பின்னால் எண்ணிக்கொண்டு போ, அம்மா” என்றார். அவள் விரல் −4இல் வந்து நின்றபொழுது “வெட்டு” என்றாள். −7இல் நின்றபொழுது “ஓய்வு” என்றாள். பின்னர்த் தானாகவே விடையை எழுதினாள்: ஒற்றைப்படை எண்கள் −7, 3, இரட்டைப்படை எண்கள் −4, 0, 8.

பாடநூலின் மொழி மாறலாம், கலைச்சொல் மாறலாம். கஞ்சில் என்றாலும் ஒற்றை என்றாலும் பொருள் ஒன்றுதான். உழைப்பிலும் வாழ்விலும் நாம் பெற்ற அறிவிற்குள் கணிதம் பெரிதும் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இதில் உனக்கு விளங்காதது எது, சொல், பார்ப்போம்” என்று கேட்கும் பெற்றோருக்கு, விடையின் ஒரு பகுதியேனும் தம் கைவசமே இருப்பது புலப்படும். நம் வாசகர்கள் இன்றிரவே ஒரு கை நிறையப் புளியங்கொட்டைகளை எடுத்து, தம் பிள்ளைகளோடு ‘ஒற்றையா, இரட்டையா’ ஆடிப்பார்ப்பார்களாக. ஒருமுறை வெறுங்கையையும் நீட்டிப் பார்க்க மறவாதிருப்பார்களாக.